ஆல்பத்தில் இடம்பெறாத பாட்டுகள்: தி ஜாம் குழுவின் சிங்கிள்கள், 1980–82

'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்றால் இன்றைக்கு நமக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். படம் வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் யூடியூபில் இறக்கிவிடும் பாட்டு. பாட்டு நன்றாக இருக்கலாம், சுமாராகவும் இருக்கலாம். அதன் வேலை என்னவோ நோட்டீஸ் வேலைதான். நம் கையைப் பிடித்துத் தியேட்டர் வாசல்வரை கூட்டிப்போக வேண்டும். மேலைநாட்டு ராக் இசையிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். ஆல்பம்தான் சரக்கு, சிங்கிள் அதற்கான விளம்பரப் பலகை.

1980 தொடங்கி 1982 முடிய, இங்கிலாந்தில் தி ஜாம் என்ற மூவர் குழு இந்த ஏற்பாட்டைக் கிட்டத்தட்டத் தலைகீழாக்கியது. அந்த மூன்று வருடத்தில் பிரிட்டனில் அவர்கள் முறையாக வெளியிட்ட சிங்கிள்கள் 7. அவற்றில் 4 முதலிடம், ஒன்று இரண்டாமிடம், மற்ற இரண்டும் நான்காமிடம். இந்த வெற்றிக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்த ஏழில் இரண்டே இரண்டு தட்டுகளின் பாட்டுகள்தான் அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பங்களில் இருக்கின்றன. மற்ற ஐந்தும் தனித்தனியாக எழுதி, தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனியாகவே விற்றவை. ஆல்பம் வாங்கியவருக்கு அவை கிடைக்காது. வேண்டுமென்றால் கடைக்குப் போய்த் தட்டை வாங்க வேண்டும். அப்படித்தான் லட்சக்கணக்கான பேர் வாங்கினார்கள்.

அது ஏன் சாத்தியமாயிற்று, எப்படி நடந்தது என்று புரிய, அந்தத் தட்டையே முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏழு அங்குல விட்டம். நிமிடத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நான்கு நிமிடம். விலை ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆல்பம் வாங்க அதைப்போல நாலைந்து மடங்கு கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையனின் சனிக்கிழமைக் கைச்செலவுக் காசில் வாங்க முடிந்தது சிங்கிளைத்தான். அந்த வாங்குதலுக்கு ஓட்டுப் போடுகிற மாதிரி ஒரு குணமும் இருந்தது. நாட்டில் சில நூறு கடைகளில் என்ன விற்றது என்று கடைக்காரர்கள் கையால் குறித்து அனுப்புவார்கள். பிஎம்ஆர்பி என்ற ஆய்வு நிறுவனம் அதைக் கூட்டிப் பட்டியல் போடும். செவ்வாய்க்கிழமை மதியம் பிபிசி ரேடியோ 1-இல் அந்தப் பட்டியலை வாசிப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற டிவி நிகழ்ச்சியில் மேலே ஏறியவர்கள் வந்து பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்பதும் வரிசையாக ஒலிபரப்பாகும். டேப் ரெக்கார்டரில் விரலை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே காத்திருந்த நேரம் அது.

இந்தப் பட்டியலில் ஒரு பாட்டு வழக்கமாக எப்படி ஏறும்? நாற்பதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நுழையும். ரேடியோவில் நாலு தடவை கேட்கும், டிவியில் ஒரு தடவை வரும், அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்த வாரம் ஏழு என்று படிப்படியாகப் போகும். வந்த முதல் வாரமே நேராக முதலிடத்தில் போய் உட்காருவது அபூர்வத்திலும் அபூர்வம். அப்படி நடந்தால், ரேடியோ பழக்கிவிடும்வரை ஜனங்கள் பொறுத்திருக்கவில்லை என்று அர்த்தம். பாட்டு எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாமலேயே, பேரைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். தி ஜாம் இதை மூன்று முறை செய்தது.

சரி, யார் இவர்கள்? லண்டனுக்குத் தென்மேற்கே, நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் வோக்கிங். லண்டனுக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வருகிறவர்களின் ஊர். அங்கே பள்ளி நாட்களில் தொடங்கிய குழு இது. கித்தாரும் குரலும் பாட்டெழுத்தும் பால் வெல்லர். பேஸ் கித்தார் புரூஸ் ஃபாக்ஸ்டன். டிரம்ஸ் ரிக் பக்லர், 2025 பிப்ரவரியில் காலமானார். மேனேஜர் வேறு யாருமில்லை, வெல்லரின் அப்பா ஜான் வெல்லர். கட்டட வேலையும் டாக்ஸி ஓட்டுதலும் பார்த்த மனிதர். கடைசிவரை மேடையில் குழுவை அறிமுகம் செய்துவைத்ததும் அவர்தான்.

1977-இல் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலையில் பாலிடோர் இசைத்தட்டுக் கம்பெனி இவர்களையும் வாரிக்கொண்டது. ஆனால் கிழிந்த சட்டையும் ஊக்குமாகப் பங்க் பையன்கள் திரிந்தபோது, இவர்கள் கறுப்பு சூட்டும் ஒல்லி டையும் போட்டு வந்து நின்றார்கள். வெல்லரின் மனசு முழுக்க அறுபதுகளில் இருந்தது: தி ஹூ, தி கிங்க்ஸ், பீட்டில்ஸ், அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனி வெளியிட்ட சோல் பாட்டுகள், அறுபதுகளின் 'மாட்' இளைஞர்களின் உடை நேர்த்தி. அந்த அறுபதுகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று, சிங்கிளைப் பற்றிய ஒரு நியாய உணர்வு. பீட்டில்ஸ் இங்கிலாந்தில் தங்கள் சிங்கிள்களைப் பெரும்பாலும் ஆல்பத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒரே பாட்டை ரசிகனுக்கு இரண்டு தடவை விற்பது சரியில்லை என்ற எண்ணம் அந்தக் கால பிரிட்டிஷ் வியாபாரத்தில் இருந்தது. எழுபதுகளில் ஆல்பம் பெரிய கலைப்பொருளாகி, சிங்கிள் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாகிவிட்டது. வெல்லர் பழைய வழக்கத்துக்கே திரும்பிப் போனார்.

தொடக்கம் ஒன்றும் பிரமாதமில்லை. முதல் சிங்கிள் 'இன் தி சிட்டி' 40-ஆம் இடத்தைத் தொட்டது, அவ்வளவுதான். இரண்டரை வருடம் கழித்து, 1979 கடைசியில் வந்த 'தி ஈட்டன் ரைஃபிள்ஸ்' மூன்றாமிடம்வரை போனது. வேலை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பணக்காரப் பள்ளி மாணவர்கள் கேலி செய்த சம்பவம் அதற்குப் பின்னால் இருந்தது. கதவு அங்கேதான் திறந்தது.

அப்புறம் 1980 மார்ச். 'கோயிங் அண்டர்கிரவுண்ட்'.

இந்தத் தட்டின் கதையே ஒரு குழப்பத்தில் ஆரம்பிக்கிறது. முதலில் ஏ-பக்கம், அதாவது தட்டின் முதன்மைப் பக்கம், என்று நினைத்திருந்தது 'ட்ரீம்ஸ் ஆஃப் சில்ட்ரன்' என்ற, டேப்பைப் பின்னோக்கி ஓட்டிய ஒலிகளெல்லாம் கலந்த, சற்றே மாயமான பாட்டு. ஃபிரான்சில் தட்டு அச்சடித்த ஆலையில் லேபிள் மாறிப்போய் இரண்டு பக்கமும் ஏ-பக்கம் ஆகிவிட்டது என்று குழுவின் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வார்கள். ரேடியோக்காரர்கள் இரண்டையும் போட்டுப் பார்த்து, 'கோயிங் அண்டர்கிரவுண்ட்' பக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு இன்னொரு பாட்டின் பேர் ரசிகர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பாட்டின் கோபம் நேரடியானது. மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்து பத்து மாதம். அமெரிக்காவின் க்ரூஸ் ஏவுகணைகளை ஐரோப்பாவில் நிறுத்த நேட்டோ முடிவு செய்து மூன்று நான்கு மாதம். ஆஸ்பத்திரிக் கருவிக்குப் போக வேண்டிய பணம் ராக்கெட்டுக்கும் துப்பாக்கிக்கும் போகிறது, ஜனங்களும் கைதட்டிக்கொண்டு அதைத்தான் கேட்கிறார்கள், எனக்கு வேண்டாம், நான் பூமிக்குக் கீழே போகிறேன் என்கிறான் பாடுகிறவன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டத்தோடு சேர மாட்டேன் என்று சொல்லும் பாட்டைத்தான் அந்த வாரம் நாட்டிலேயே பெரிய கூட்டம் வாங்கிப் போனது. வெல்லருக்கு அப்போது 22 வயதுகூட ஆகவில்லை.

நேராக முதலிடம். 1973 கிறிஸ்துமஸுக்கு ஸ்லேட் குழு செய்ததற்குப் பிறகு, ஆறு வருடத்துக்கு மேல் யாரும் செய்யாத காரியம். செய்தி வந்தபோது தி ஜாம் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. அங்கே அவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடைசிவரை அமெரிக்காவின் முதல் நாற்பதில் இவர்கள் பாட்டு ஒன்றுகூட ஏறியதில்லை. மிச்ச நிகழ்ச்சிகளை அப்படியே போட்டுவிட்டு, கான்கார்டு விமானத்தில் ஏறி, 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' பதிவுக்கு லண்டன் திரும்பினார்கள். எந்தச் சந்தை தங்களுடையது என்று அவர்கள் முடிவு செய்துவிட்ட தருணம் அது என்று எனக்குத் தோன்றும். அமெரிக்காவைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆல்பம் வேண்டும், மாதக்கணக்கில் பஸ்ஸில் சுற்ற வேண்டும். இங்கிலாந்தைப் பிடிக்க மூன்று நிமிடத் தட்டும் ஒரு வியாழக்கிழமைச் சாயங்காலமும் போதும்.

ஆனால் அந்த முதலிடம் ரசிகர்களின் அன்பால் மட்டும் வந்தது என்று எழுதினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். பாலிடோரும் சும்மா இருக்கவில்லை. முதலில் அச்சடித்த பிரதிகளோடு, மேடையில் பதிவு செய்த மூன்று பாட்டுகள் கொண்ட இன்னொரு ஏழு அங்குலத் தட்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். குறைந்த எண்ணிக்கைதான், தீர்ந்தால் தீர்ந்தது. அப்புறம் ரசிகன் மூன்றாவது வாரம்வரை காத்திருப்பானா? முதல் நாளே கடை வாசலில் நிற்பான். அடுத்த மூன்று வாரத்தில் பரவி விற்க வேண்டிய தட்டுகள் மூன்று நாளில் விற்றுப்போகும், பட்டியலில் நேராக உச்சி. கையோடு கம்பெனி பழைய சிங்கிள்களையும் மறுபடி அச்சடித்துக் கடைக்கு அனுப்பியது. 1977-இல் கவனிக்காமல் விட்டவர்கள் இப்போது வாங்கினார்கள். அவையும் பட்டியலின் கீழ்ப்பகுதியில் மறுபடி தலைகாட்டின.

அடுத்தது ஆகஸ்டில் 'ஸ்டார்ட்!'. வரப்போகும் ஆல்பத்துக்கு முன்னோட்டமாக 'ப்ரிட்டி கிரீன்' என்ற வேறொரு பாட்டை விடலாம் என்றது கம்பெனி. குழு பிடிவாதமாக 'ஸ்டார்ட்!'தான் என்றது. இதைக் கேட்கும் யாருக்கும் பத்தாவது நொடியில் பீட்டில்ஸின் 'டாக்ஸ்மேன்' நினைவுக்கு வந்துவிடும். 1966-இன் 'ரிவால்வர்' ஆல்பத்தின் முதல் பாட்டு, ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது. பேஸ் கித்தாரின் ஓட்டம் அச்சு அசலாக அதுவே. திருட்டா? திருடுகிறவன் ஒளித்துவைப்பான். இவர்கள் வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். பாட்டின் விஷயமோ முற்றிலும் வேறு. ஜார்ஜ் ஆர்வெல் தன் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் அனுபவங்களை எழுதிய 'ஹோமேஜ் டு கேட்டலோனியா' புத்தகத்தின் தாக்கம் வெல்லரிடம் இருந்த நேரம். அந்தப் புத்தகம் ஓர் இத்தாலியப் போராளியுடன் நடக்கும் ஒரு நிமிடச் சந்திப்பில் தொடங்கும். அறிமுகமில்லாத இருவர், ஒரு கைகுலுக்கல், அப்புறம் பார்க்கவே போவதில்லை. 'ஸ்டார்ட்!' பாட்டிலும் அதுதான்: கொஞ்ச நேரமே நீடிக்கும் சந்திப்பு, ஆனால் அதில் ஒரு புரிதல் நடந்துவிடுகிறது. பாட்டும் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். டேவிட் போவியின் 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாட்டை இறக்கிவிட்டு ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது.

நவம்பரில் வந்த 'சவுண்ட் அஃபெக்ட்ஸ்' ஆல்பத்தில் 'ஸ்டார்ட்!' உண்டு. அதே ஆல்பத்தில்தான் 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்'டும் இருக்கிறது, இன்றைக்கு வெல்லர் எழுதியதிலேயே சிறந்தது எது என்று கேட்டால் பலர் கைகாட்டும் பாட்டு. பெரும்பகுதி வெறும் மரக் கித்தார். நகரத்து ஏழைத் தெருவின் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் 'இதுதான் பொழுதுபோக்கு' என்ற கசப்பான வரி. மதுக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் எழுதியதாக வெல்லரே சொல்லியிருக்கிறார். யாராக இருந்தாலும் இதை சிங்கிளாகப் போட்டிருப்பார்கள். பிரிட்டனில் இவர்கள் போடவில்லை. ஆல்பத்திலிருந்து ஒன்று போயாயிற்று, போதும்.

ஆனால் ஜெர்மனியில் அது சிங்கிளாக வந்தது. உடனே லண்டன் கடைக்காரர்கள் அதைப் பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்தார்கள். உள்ளூர்த் தட்டைவிட விலை கூட, ஆல்பத்தில் ஏற்கெனவே இருக்கும் பாட்டு வேறு. இருந்தும் 1981 தொடக்கத்தில் வெறும் இறக்குமதிப் பிரதிகளை வைத்தே பிரிட்டிஷ் பட்டியலில் 21-ஆம் இடம் வந்தது. குழுவின் நியாயத்தை ரசிகர்களே மீறிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். ஒரே பாட்டை எங்களுக்கு இரண்டு தடவை விற்காதே என்று யாரும் கேட்டிருக்கவில்லை போல.

1981 விசித்திரமான வருடம். ஆல்பமே இல்லை. இரண்டே தட்டுகள், இரண்டும் நான்காமிடம். மே மாதம் வந்த 'ஃப்யூனரல் பயர்', அதாவது சிதை, மூன்று பேர் பேரிலும் வெளியான பாட்டு. அதைத் தூக்கி நிறுத்துவது பக்லரின் டிரம்ஸ்தான். ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆரம்பித்து, கடைசியில் கட்டடம் இடிந்து விழுகிற மாதிரி முடியும். ஆனால் பதிவு சேறாக இருக்கிறது. குரலும் கித்தாரும் டிரம்ஸும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இது என் காதின் குறை இல்லை. பிற்பாடு தொகுப்பு ஆல்பத்தில் சேர்த்தபோது அவர்களே அதை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்துதான் சேர்த்தார்கள். இத்தனை நாள் தயாரிப்பாளராக இருந்த விக் காப்பர்ஸ்மித்-ஹெவன் போய், பீட் வில்சன் வந்திருந்த நேரம்.

அக்டோபரில் 'அப்சலூட் பிகினர்ஸ்'. காலின் மெக்கின்னஸ் எழுதிய லண்டன் நாவலின் தலைப்பு. முதல் தடவையாக ஊதுகருவிகள் முன்வரிசைக்கு வருகின்றன. வெல்லரின் மனசு கித்தாரை விட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைப் பக்கம் நகர்வது தெளிவாகக் கேட்கிறது, ஆனால் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பாட்டு ஒரு காலை வீட்டிலும் ஒரு காலைத் தெருவிலும் வைத்து நிற்கிறது. தட்டைத் திருப்பிப் போட்டால் 'டேல்ஸ் ஃப்ரம் தி ரிவர்பேங்க்'. வோக்கிங்கைச் சுற்றியிருக்கும் வயல்வெளியின் சிறுவயது நினைவு, கனவு மாதிரி மிதக்கும் பாட்டு. என்னைக் கேட்டால் ஏ-பக்கத்தைவிட நூறு மடங்கு மேல். பி-பக்கத்தில் இப்படி நல்ல பாட்டைப் புதைத்துவைப்பதும் இவர்களுக்கு வழக்கம்தான். 1979-இல் 'ஸ்ட்ரேஞ்ச் டவுன்' தட்டின் முதுகில் 'தி பட்டர்ஃப்ளை கலெக்டர்' இருந்தது, 'ஸ்டார்ட்!' முதுகில் 'லைசா ராட்லி'. ஒரு பவுண்டு கொடுத்தவனுக்கு இரண்டு பக்கமும் சரக்கு இருக்க வேண்டும் என்ற கணக்கு.

1982 ஜனவரி கடைசி வாரம். பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று அரசு அறிவித்தது. முப்பதுகளுக்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. அதே வாரம் கடைக்கு வந்தது 'டவுன் கால்ட் மாலிஸ்'.

பேர் நெவில் ஷூட் எழுதிய 'எ டவுன் லைக் ஆலிஸ்' நாவலின் தலைப்பைத் திருகியது. ஊர் வெல்லரின் சொந்த ஊரான வோக்கிங்தான். ஆனால் அந்த வருடம் பிரிட்டனில் எந்தச் சின்ன ஊர்க்காரன் கேட்டாலும் தன் ஊர் என்றே நினைத்திருப்பான். பால் பண்ணை முற்றத்தில் ஓடாமல் நிற்கும் பால் வண்டிகள், பிள்ளைக்குத் துணி வாங்குவதா தனக்கொரு பீர் வாங்குவதா என்ற இழுபறி, ஓடாமல் போன ரயில். இவ்வளவு துக்கத்தையும் ஆடவைக்கும் மெட்டில் கொடுத்ததுதான் இந்தப் பாட்டின் சூட்சுமம். மோட்டவுனின் சுப்ரீம்ஸ் பாட்டுகளில் துள்ளுமே, அந்தத் துள்ளல் தாளம். மேலே ஃபாக்ஸ்டனின் பேஸ், பின்னால் ஆர்கன். சொல்லைக் கவனிக்காமல் ஆடலாம், ஆடி முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் சொல் வந்து உறைக்கும். கல்யாண வீட்டு டான்ஸ் தளத்தில் இன்றுவரை அது ஒலிப்பதற்குக் காரணம் அதுதான். 'ஃப்யூனரல் பயர்' எந்தக் கல்யாணத்திலும் ஒலிப்பதில்லை.

இன்னொரு ஏ-பக்கம் 'ப்ரெஷஸ்', தாளமே முன்னால் நிற்கும் ஃபங்க் வகையில் நீளமான பாட்டு. மறுபடியும் நேராக முதலிடம், மூன்று வாரம். 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுகளையும் பாடவிட்டது. பீட்டில்ஸுக்குப் பிறகு வேறெந்தக் குழுவுக்கும் கிடைக்காத சலுகை அது.

இங்கேதான் அந்த ஓட்டுப்பெட்டியின் உள்பக்கம் கொஞ்சம் தெரிகிறது. அந்த நாட்களில் ஸ்ட்ராங்க்ளர்ஸ் குழுவின் 'கோல்டன் பிரவுன்' இரண்டாமிடத்தில் நின்றுகொண்டிருந்தது. வால்ட்ஸ் நடையில், பியானோவுக்கு மூத்த கருவியான ஹார்ப்சிகார்டு ஒலிக்கும், அந்த வருடத்தின் மிக அழகான தட்டுகளில் ஒன்று. முதலிடத்தில் தி ஜாம் உட்கார்ந்திருந்ததால் அதற்கு மேல் ஏற வழியில்லை. ஸ்ட்ராங்க்ளர்ஸின் கம்பெனியான இஎம்ஐ ஆட்சேபம் எழுப்பியது. தி ஜாமின் தட்டு இரண்டு அளவுகளில் வந்திருந்தது. ஏழு அங்குலத்தில் ஸ்டுடியோப் பதிவு. பன்னிரண்டு அங்குலத்தில் 'டவுன் கால்ட் மாலிஸ்' பாட்டின் மேடைப் பதிவு, கூடவே நீட்டிய 'ப்ரெஷஸ்'. பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே தட்டாகக் கூட்டினார்கள். ஆனால் தீவிர ரசிகன் இரண்டையும் வாங்குவானே! ஒரே ஆளின் இரண்டு ஓட்டு செல்லுமா என்பதுதான் கேள்வி. விதிப்படி செல்லும் என்பதால் பட்டியல் மாறவில்லை.

இஎம்ஐ சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ரசிகனிடம் ஒரே பாட்டுக்கு இருமுறை காசு வாங்கக் கூடாது என்ற கொள்கையில் தொடங்கியவர்களின் தட்டு, ஒரே ரசிகன் இருமுறை வாங்குவதால் வலுப்பட்டது. வெல்லர் இதை உட்கார்ந்து திட்டமிட்டார் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு அங்குலத்தில் வேறு பதிவுகளைக் கொடுத்ததால் அதை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. ஆனால் நேர்மையான குழு ஒன்றைச் சுற்றி விற்பனை யந்திரம் எப்படி ஓடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மார்ச்சில் 'தி கிஃப்ட்' ஆல்பம். அவர்களின் ஒரே முதலிட ஆல்பம் அதுதான். அதற்குப் பிறகு அந்த ஆல்பத்திலிருந்து பிரிட்டனில் சிங்கிள் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. வழக்கம்போல ரசிகர்கள் விடவில்லை. 'ஜஸ்ட் ஹூ இஸ் தி 5 ஓ'கிளாக் ஹீரோ?' ஹாலந்திலிருந்து இறக்குமதியாகி ஜூலையில் எட்டாமிடம் பிடித்தது. முறைப்படி வெளிவராத தட்டு, முதல் பத்துக்குள்! மற்ற குழுக்கள் கம்பெனியின் காசைக் கொட்டி எட்ட முயன்ற இடம் அது.

செப்டம்பரில் 'தி பிட்டரஸ்ட் பில்'. பின்னணியில் வயலின்கள், பெல் ஸ்டார்ஸ் குழுவின் ஜென்னி மத்தியாஸ் குரல், தோற்றுப்போன காதலின் புலம்பல். பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வெல்லர் கொஞ்சம் வேண்டுமென்றே மிகைப்படுத்திப் பாடுகிறார் என்பது என் எண்ணம். 'ராக்கி 3' படத்தின் 'ஐ ஆஃப் தி டைகர்' முதலிடத்தில் அசையாமல் நின்றதால் இது இரண்டாமிடத்தோடு நின்றது.

அக்டோபர் கடைசியில் குண்டு விழுந்தது. தி ஜாம் கலைகிறது. முடிவு வெல்லருடையது. மற்ற இருவருக்கும் துளியும் சம்மதமில்லை. அவருக்கு அப்போது 24 வயது. நாட்டிலேயே பெரிய குழு, கடன் இல்லை, ஊழல் இல்லை, சண்டைகூட வெளியே தெரிகிற மாதிரி இல்லை. இதுவரை செய்ததற்கு மதிப்பு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், வயசாகிச் சங்கடமாகும்வரை இழுக்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். சிங்கிளை முக்கியமாக நினைக்கிற ஆளுக்கு இந்த யோசனை இயல்பாகவே வரும் என்று எனக்குப் படுகிறது. பாட்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும் என்று நம்புகிறவன், குழுவும் எங்கேயாவது முடிய வேண்டும் என்றுதான் நினைப்பான்.

நவம்பர் 5-ஆம் தேதி, பிறந்து சில நாளே ஆன சேனல் 4-இல், 'தி டியூப்' நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பில் நேரலையாக வாசித்தார்கள். மாதக் கடைசியில் கடைசித் தட்டு, 'பீட் சரண்டர்'. பியானோவில் ஆரம்பித்து ஊதுகருவிகளோடு பாயும் முழு சோல் பாட்டு. மறுபடி இரட்டைத் தட்டுக் கட்டும் உண்டு. கூடுதல் தட்டில் கர்டிஸ் மேஃபீல்டின் 'மூவ் ஆன் அப்' உட்பட மூன்று பழைய சோல் பாட்டுகளை வாசித்திருந்தார்கள். எங்கே போகப் போகிறேன் என்று வெல்லர் முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. மூன்றாவது முறையாக நேராக முதலிடம். டிசம்பர் தொடக்கத்தில் லண்டன் வெம்ப்ளி அரீனாவில் ஐந்து இரவுகள், 11-ஆம் தேதி பிரைட்டனில் கடைசி நிகழ்ச்சி. அந்த வாரமும் பட்டியலின் உச்சியில் 'பீட் சரண்டர்'தான் இருந்தது.

புத்தாண்டில் பாலிடோர் பழைய சிங்கிள்கள் அத்தனையையும் மறுபடி அச்சடித்தது. இல்லாமல் போன குழுவின் தட்டுகள் ஒரே நேரத்தில் கூட்டமாகப் பட்டியலில் நுழைந்தன. அதே ஜனவரியில் பட்டியல் போடும் வேலை பிஎம்ஆர்பியிடமிருந்து கேலப் நிறுவனத்துக்குக் கைமாறியது. கையால் குறிக்கும் நோட்டு போய், கடைகளில் மின்னணு யந்திரம் வரத் தொடங்கியது. அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு அங்குலம், மறுகலவை, படம் போட்ட தட்டு, கேசட், பின்னால் சிடி என்று ஒரே பாட்டுக்குப் பத்து உருவம் வந்தது. தொண்ணூறுகளில் முதல் வாரம் பாதி விலைக்குக் கொடுப்பதும், வாரக்கணக்கில் முன்கூட்டியே ரேடியோவில் போட்டுப் பசியேற்றுவதும் வழக்கமாகின. நேராக முதலிடத்தில் நுழைவது அதிசயம் என்பது போய், நுழையாவிட்டால்தான் செய்தி என்றாகிவிட்டது. 1980 மார்ச்சில் பாலிடோர் கட்டிக் கொடுத்த அந்தக் கூடுதல் தட்டின் பேரப்பிள்ளைகள்தான் இவையெல்லாம்.

வெல்லர் பழக்கத்தை விடவில்லை. மிக் டால்பட்டோடு தொடங்கிய ஸ்டைல் கவுன்சில் 1983 முழுக்க சிங்கிள்களாகவே போட்டது. பிரிட்டனில் அவர்களின் முதல் முழு ஆல்பம் வர 1984 மார்ச் ஆனது. நியூ ஆர்டர், ஸ்மித்ஸ் போன்ற குழுக்களும் அந்தப் பத்தாண்டில் தங்களின் சில அருமையான பாட்டுகளை ஆல்பத்துக்கு வெளியேதான் வைத்தன.

அனாதையாக நின்ற தி ஜாம் தட்டுகளுக்கு 1983 அக்டோபரில்தான் ஒரு வீடு கிடைத்தது. 'ஸ்னாப்!' என்ற இரட்டை ஆல்பத் தொகுப்பு. 29 பாட்டுகள், இரண்டாமிடம். 'கோயிங் அண்டர்கிரவுண்ட்'டும் 'பீட் சரண்டர்'உம் ஒரே உறைக்குள் வந்தன. ஆல்பம் மட்டும் வாங்கும் பெரியவர்கள் இனி கடை கடையாகத் தேட வேண்டியதில்லை. அப்போதும் முதல் பிரதிகளை வாங்கியவர்களுக்கு உறைக்குள் இலவசமாக இன்னொன்று இருந்தது: வெம்ப்ளியில் பதிவு செய்த நான்கு பாட்டுகளோடு, ஓர் ஏழு அங்குலத் தட்டு.